ஒருமுனை ஜெனரேட்டரும் மும்முனை வீடும்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு, அறிவியல் மன்ற மாணவியர் சார்பில்)

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சுழி நோக்கிச் செல்பவர்கள் சன்னல் வழியே பார்த்தால் கரிசல் காடு, சீமைக்கருவேல மரங்கள், நடுவே ஒரு கண்மாய்க்கரை, மறுபடியும் கரிசல் காடு என்றுதான் தெரியும். மழை எங்களுக்கு விருந்தாளி, வெயிலோ வீட்டுப்பிள்ளை. அந்த வெயிலும் ஒரு விளைச்சல்தான் என்பதை எங்கள் பக்கத்தார் கண்ணாரக் கண்டது 2016-ஆம் ஆண்டில். திருச்சுழிக்குத் தென்கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி அருகே, 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 2,500 ஏக்கர் நிலத்தில் 25 இலட்சம் தகடுகள். பின்னர் 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் வீட்டுக்கூரைச் சூரிய மின் திட்டம் வந்தது. மூன்று கிலோவாட்டோ அதற்கு மேலோ அமைப்பவர்களுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும், கிராமத்து மாடிகளிலும் நீலத் தகடுகள் பளபளக்கத் தொடங்கின.

நாங்கள் எழுதப்போவது அந்தப் பெரிய நிலையத்தைப் பற்றியன்று. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததையும், அதிலிருந்து நாங்கள் படித்த பாடத்தையுமே எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் ‘தோழி’ என்றே குறிப்பிடுவோம்.

தோழியின் வீடு திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உள்ளது. வீட்டோடு ஓர் ஆழ்துளைக் கிணறு. அதில் மூன்று குதிரைத்திறன் மோட்டார். மோட்டாருக்காகவே அவர்கள் மும்முனை மின் இணைப்பு வாங்கியிருக்கிறார்கள். மாடியில் ஐந்து கிலோவாட் தகடுகள், கீழே மும்முனை இன்வெர்ட்டர், அதனருகில் ஒரு லித்தியம் பேட்டரி. அந்தப் பேட்டரி 51.2 வோல்ட், 200 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 10,240 வாட்-மணி, அதாவது பத்து யூனிட்டுக்குச் சற்று மேல். வீட்டில் தோழியின் அப்பத்தா இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. திறக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். ஆகவே அந்த வீட்டில் குளிர்பதனப் பெட்டி ஓர் அலங்காரப் பொருளன்று.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஊர் டிரான்ஸ்பார்மரும் பழுதாயிற்று. முதல் நாள் பேட்டரி தாங்கியது. இரண்டாம் நாளும் வானம் மூடியே இருந்ததால் தகடுகளிலிருந்து பெயருக்குத்தான் மின்சாரம் வந்தது. மூன்றாம் நாள் மாலை பேட்டரி பத்து விழுக்காட்டுக்கு இறங்கித் தானே நின்றுகொண்டது. இது எங்கள் ஊருக்கு மட்டும் நேரும் சங்கதியன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது எத்தனை வீடுகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன! வறண்ட நாட்டில் மழை வந்தால் கொண்டாட்டந்தான். ஆனால் சூரியனை நம்பிய வீட்டுக்கு அன்றுதான் சோதனை.

தோழியின் அப்பா மைக் செட்காரரிடம் சொல்லி, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அது ஒருமுனை ஜெனரேட்டர். அதிலிருந்து வருவன இரண்டே கம்பிகள், ஒரு பேஸ், ஒரு நியூட்ரல். வீட்டுக்குள் செல்வனவோ நான்கு கம்பிகள்: சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் மூன்று பேஸ்கள், கறுப்பு நியூட்ரல். மின் வேலை தெரிந்த ஒருவர் வந்து பார்த்தார். மெயின் சுவிட்சை இறக்கினார். அதன் கீழ்ப்பக்கத்து மூன்று முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் ஒன்றாக முறுக்கி, ஜெனரேட்டரின் பேஸை அதில் கொடுத்தார். இன்வெர்ட்டரைத் தாண்டி நேராக வீட்டுக்கு மின்சாரம் செல்லும்படி பைபாஸ் சுவிட்சையும் திருப்பினார்.

விளக்குகள் எரிந்தன, எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு நடந்தவை மூன்று. மோட்டார் சுவிட்சைப் போட்டால் அது ஓடவுமில்லை. ஒரு முனகல்கூட முனகவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறட்டும் என்று பைபாஸைத் திருப்பி இன்வெர்ட்டர் வழியாகக் கொடுத்தால், அது சிவப்பு விளக்கைக் காட்டி ஜெனரேட்டரை ஏற்க மறுத்துவிட்டது. மறுபடி பைபாஸில் போட்டு, வெந்நீர் ஹீட்டரும் இன்டக்‌ஷன் அடுப்பும் வேலை செய்த அரைமணி நேரத்தில், நியூட்ரல் கம்பிகள் சேரும் இடத்திலிருந்து பிளாஸ்டிக் தீயும் நாற்றம் வந்தது. ஜெனரேட்டரை அவசரமாக அணைத்தார்கள்.

வெளிச்சம் தந்த அதே மின்சாரம் இந்த மூன்று வேலைகளையும் ஏன் செய்தது? இதுதான் எங்கள் கேள்வி. தோழி அதை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். எங்கள் இயற்பியல் ஆசிரியை சிஸ்டர், “அடுத்த இரண்டு பாடவேளையும் இதற்கே” என்று சொல்லிவிட்டார்.

முதலில் மும்முனை என்றால் என்ன என்று பார்ப்போம். எங்கள் பாட்டிமார் ஒரே உரலில் மூன்று பேராக நின்று நெல் குத்துவார்கள் அல்லவா? ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றொருத்தியின் உலக்கை ஏறிக்கொண்டிருக்கும். மூன்றாமவளுடையது நடுவில் இருக்கும். முறை தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதால்தான் உலக்கைகள் மோதுவதில்லை. உரலுக்கும் இடைவிடாமல் குத்து விழுகிறது. மும்முனை மின்சாரமும் அப்படித்தான். நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு 1/50 விநாடி. சிவப்புப் பேஸ் உச்சிக்கு வந்து 1/150 விநாடி கழித்து மஞ்சள் உச்சிக்கு வரும். இன்னொரு 1/150 விநாடி கழித்து நீலம். ஒரு முழுச் சுற்றை 360 பாகையாக வைத்தால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 120 பாகை.

இந்த முறையை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது 1891-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் நடந்த மின் கண்காட்சி. மிகைல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி என்னும் பொறியாளர் வகுத்த மும்முனை முறையில், லாபன் என்னும் ஊரில் ஆற்றுநீரால் எடுத்த மின்சாரத்தை 175 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பிவழி கொண்டுவந்தார்கள். கண்காட்சியில் அது விளக்குகளை எரித்ததோடு, ஒரு மோட்டாரையும் ஓட்டி, செயற்கை அருவி ஒன்றுக்குத் தண்ணீர் இறைத்ததாம். முதல் மும்முனை மின்சாரம் செய்த வேலையும் நம்மூர் மின்சாரத்தைப் போலத் தண்ணீர் இறைப்பதாகவே இருந்தது என்பதில் எங்களுக்கு ஒரு மகிழ்ச்சி.

இப்போது தோழி வீட்டுக்கு வருவோம். நம் வீட்டுப் பேஸ் ஒன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையே இருப்பது 230-ஐ 1.732-ஆல் பெருக்கக் கிடைக்கும் 398, அதாவது ஏறத்தாழ 400 வோல்ட். மூன்றும் வெவ்வேறு வேளையில் ஏறி இறங்குவதால்தான் இந்த வேற்றுமை உண்டாகிறது. மும்முனை மோட்டார் உயிர் வாழ்வது இந்த வேற்றுமையை உண்டுதான். அதற்கு நியூட்ரல் கம்பியே கிடையாது. அன்று அதன் மூன்று முனைகளுக்கும் ஒரே பேஸைக் கொடுத்தார்கள். மூன்றும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கின. வேற்றுமை எந்நேரமும் சுழி. பின் எப்படி மின்னோட்டம் பாயும்? ஆகவே மோட்டார் கல்லாகக் கிடந்தது. ஒரு விதத்தில் அது நல்லகாலம். மூன்றில் ஒரு பேஸ் மட்டும் இல்லாமற் போயிருந்தால் மோட்டார் உறுமி உறுமிச் சுருள் கருகியிருக்கும். அந்த உறுமல் எங்கள் ஊர்த் தோட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்த சத்தந்தான். மும்முனை மின்சாரம் சில மணி நேரமும் மற்ற வேளையில் இருமுனையும் வந்த காலங்களில், கெப்பாசிட்டர் வைத்து மோட்டாரை ஓட்டிப் பார்த்துக் காயில் கட்டக் கொடுத்தவர்கள் பலர்.

இன்வெர்ட்டர் செய்ததும் சரியே. மும்முனை இன்வெர்ட்டர் வெளியிலிருந்து வரும் மின்சாரத்தோடு கைகோப்பதற்கு முன் வோல்ட் அளவையும், விநாடிக்கு எத்தனை சுற்று என்பதையும், மூன்று பேஸ்களும் 120 பாகை இடைவெளியில் முறையாக வருகின்றனவா என்பதையும் பார்க்கும். மூன்று பேரும் ஒரே சமயத்தில் உலக்கையை இறக்குவதைக் கண்டதும் அது விலகி நின்றுவிட்டது.

நியூட்ரல் ஏன் சூடாயிற்று என்பதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏனெனில் அதைப் பென்சிலும் தாளும் கொண்டு நாங்களே கண்டோம். 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரி. உச்சியில் அது 325 வோல்ட் இருக்கும். சரியான மும்முனையில் சிவப்பு மேலே 325-இல் நிற்கும் அதே கணத்தில், மஞ்சளும் நீலமும் கீழே ஆளுக்கு 162.5-இல் நிற்கும். மூன்றையும் கூட்டினால் சுழி. எந்தக் கணத்தில் கூட்டிப் பார்த்தாலும் சுழியே. ஆகவே மூன்று பேஸ்களிலும் சமமான சுமை இருந்தால், அவற்றின் மின்னோட்டம் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு நியூட்ரலுக்கு வேலையே வைப்பதில்லை.

அன்று மஞ்சளில் ஹீட்டர், நீலத்தில் அடுப்பு, சிவப்பில் குளிர்பதனப் பெட்டியும் விளக்கு விசிறிகளும். கணக்குக்காக மஞ்சளில் 7, நீலத்தில் 7, சிவப்பில் 4 ஆம்பியர் என்று கொண்டோம். உண்மையான மும்முனையாக இருந்தால் நியூட்ரலில் திரும்புவது 7-க்கும் 4-க்கும் உள்ள மிச்சம், 3 ஆம்பியர் மட்டுமே. ஆனால் மூன்றும் ஒரே வேளையில் ஏறி இறங்கியதால் கழிவதற்கு ஒன்றுமில்லை. 7-உம் 7-உம் 4-உம் கூடி 18 ஆம்பியர் திரும்பியது. ஜூல் விதியை நினைவுகூருங்கள் தோழியரே! வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம். மூன்று ஆறு மடங்காகிப் பதினெட்டானால் வெப்பம் முப்பத்தாறு மடங்கு. நாள்தோறும் 3 ஆம்பியரைச் சுமந்துகொண்டு சற்றுத் தளர்ந்திருந்த திருகு ஒன்று அன்றுதான் தன் குறையைக் காட்டியது. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதும் விதி, ஒரு வீட்டைக் கொளுத்தவும் கூடியது என்று நாங்கள் அன்றுவரை நினைத்ததில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அன்றே நேரவிருந்தது. நாற்றம் வந்ததும் அந்த மின்வேலைக்காரர் முறுக்கை அவிழ்த்துவிட்டு வேறு வழி பார்த்தார். இரண்டு பக்கமும் பிளக் உள்ள வயர் ஒன்றைச் செய்து, ஒரு பக்கத்தை ஜெனரேட்டரிலும் மறுபக்கத்தைத் தாழ்வாரத்துச் சாக்கெட்டிலும் செருகினார். கயிற்றை இழுக்க வேண்டியதுதான் பாக்கி. இதற்கிடையில், “ஊர்க் கரண்டு வந்தா நமக்குத் தெரியணும்ல” என்று அவரே மெயின் சுவிட்சை ஏற்றிவிட்டிருந்தார். ஏற்றியதை மறந்தும் போனார்.

அவ்வேளையில் அதே தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் வேலைக்கு வந்திருந்தவர் எங்கள் மற்றொரு தோழியின் தந்தை. மின்வாரியத்தில் வயர்மேன். ஏறுவதற்கு முன் எந்த வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வருவது அவர் வழக்கம். தாழ்வாரத்தில் அந்த இருதலை வயரைக் கண்டதும், “கைய எடுய்யா! மெயின் ஏறிக் கெடக்கு, பாக்கலையா?” என்று அவர் போட்ட சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகத் தோழி சொல்கிறாள்.

அவர் கோபத்துக்குக் காரணம் இது. டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை ஒரு பேஸுக்கு 250 வோல்ட்டாக இறக்குகிறது. 11,000-ஐ 250-ஆல் வகுத்தால் 44. ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு மேல் கீழ் என்பது கிடையாது. எந்தப் பக்கம் கொடுத்தாலும் வேலை செய்யும். ஜெனரேட்டரின் 230 வோல்ட், மெயின் சுவிட்ச் வழியே கம்பத்துக்குப் போனால், 44 மடங்காகி 10,120 வோல்ட்டாக மேற்கம்பியில் நிற்கக் கூடும். ‘கரண்டு இல்லை’ என்று நம்பி அதில் கை வைப்பவர் எங்கள் தோழியின் தந்தை. அவர்கள் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் ஏறுவார்கள் என்றாலும், ஒரே ஒரு நாள் ஒரே ஒரு மறதி போதுமே. பேட்டரி இல்லாத சாதாரணக் கூரைச் சோலார், ஊரில் மின்சாரம் நின்றதும் நல்ல வெயிலிலும் தானே நின்றுவிடுவதன் காரணமும் இதுதான். “மாடியில வெயில் காயுது, வீட்டுக்குள்ள இருட்டா இருக்கு” என்று சலித்துக்கொள்பவர்கள், கம்பத்தின் மேல் இருப்பவரை நினைத்துக்கொள்ளட்டும்.

அன்றிரவு ஜெனரேட்டர் ஓடவில்லை. அப்பத்தாவின் இன்சுலின் குப்பிகளைப் பழைய மண்பானையில் ஈரமணல் பரப்பி, உறையோடு உள்ளே வைத்து, ஈரத்துணி சுற்றி மூடினார்கள். அது குளிர்பதனப் பெட்டிக்கு ஈடாகாது. என்றாலும் ஓரிரவைக் கடத்த உதவியது. மறுநாள் நண்பகலில் மின்சாரம் வந்துவிட்டது.

இனி, என்னதான் செய்திருக்க வேண்டும்? வழிகள் சில உண்டு. மும்முனை ஜெனரேட்டரே வாங்கலாமே என்று எங்களில் பலர் கேட்டோம். 5 கே.வி.ஏ. மும்முனை ஜெனரேட்டரில் ஒரு பேஸுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு, 1.67 கே.வி.ஏ.தான். ஒரு பேஸில் ஹீட்டரைப் போட்டால் அந்தப் பேஸ் திணறும். மற்ற இரண்டும் சும்மா இருக்கும். மேலும் அவசரத்துக்கு இரவல் கிடைப்பது எப்போதும் ஒருமுனைதான். இரண்டாவது வழி, விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை ஒரே பேஸில் சேர்த்து, அதற்கு மட்டும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாக ஜெனரேட்டரைக் கொடுப்பது. சேஞ்ச் ஓவர் சுவிட்சின் கைப்பிடி ஒரு நேரத்தில் ஒரு பக்கந்தான் நிற்கும். கம்பமும் ஜெனரேட்டரும் ஒருநாளும் சந்திக்கா. செலவும் குறைவு. ஆனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. இரவு முழுவதும் ஜெனரேட்டர் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். சில இன்வெர்ட்டர்களில் ஒருமுனை ஜெனரேட்டரை ஒரு பேஸில் மட்டும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. தோழி வீட்டு இன்வெர்ட்டரில் அது இல்லை.

அருப்புக்கோட்டையில் சோலார் வேலை செய்யும் பொறியாளர் ஒருவர் சொன்ன வழி எங்களை வியக்க வைத்தது. அவர் தோழியின் நோட்டில் ஒரே வரிசையில் நான்கு கட்டங்கள் போட்டார்: ஜெனரேட்டர், சார்ஜர், பேட்டரி, இன்வெர்ட்டர். “ஜெனரேட்டரை வீட்டுக்குக் குடுக்காதீங்க; பேட்டரிக்குக் குடுங்க” என்றார். அவ்வளவுதான்! பேட்டரியில் இருப்பது நேர்மின்னோட்டம். அதில் ஏறுவதும் இறங்குவதும் இல்லை. ஆகவே பேஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே ஏற்றத்தால் இறைத்த தண்ணீரும் தொட்டியில் விழுந்துவிட்டால், தொட்டியிலிருந்து மூன்று வாய்க்காலாகப் பிரித்துவிட முடியுமல்லவா? ஜெனரேட்டரின் ஒருமுனை மின்சாரத்தைச் சார்ஜர் நேர்மின்னோட்டமாக்கிப் பேட்டரியில் ஊற்றுகிறது. இன்வெர்ட்டர் எப்போதும் போல் பேட்டரியிலிருந்து எடுத்து, 120 பாகை பிசகாமல் மூன்று பேஸ் செய்து கொடுக்கிறது. ஜெனரேட்டர் சத்தம் ஏறி இறங்கினாலும், சுற்று 48-ஆக இருந்தாலும் 52-ஆக இருந்தாலும், வீட்டுக்கு அது தெரியாது.

கணக்கையும் நாங்களே போட்டோம். சார்ஜர் 50 ஆம்பியர் கொடுக்கிறது. ஏறும் வேளையில் பேட்டரி சுமார் 54 வோல்ட். பெருக்கினால் 2,700 வாட். சார்ஜரில் பத்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போகும் என்று கொண்டால், ஜெனரேட்டர் கொடுக்க வேண்டியது 3,000 வாட். 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்றால் 0.8 பவர் பேக்டரில் 4,000 வாட். ஆக முக்கால் சுமை. எஞ்சினுக்கு ஏற்ற ஓட்டம். இரண்டு மணி நேரத்தில் பேட்டரிக்குள் 5.4 யூனிட், அதாவது பாதிக்கு மேல் நிறைந்துவிடும். அதன்பின் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு இரவு முழுவதும் அமைதியாக உறங்கலாம். சார்ஜர், பேட்டரி, இன்வெர்ட்டர் என்று மூன்று கை மாறுவதால் ஆறு யூனிட் உண்டாக்கினால் ஏறத்தாழ ஐந்துதான் வீட்டுக்குச் சேரும். இது நட்டந்தானே என்று நாங்கள் வாதாடினோம். நட்டந்தான். ஆனால் முந்நூறு வாட் விளக்குக்காகவும் விசிறிக்காகவும் பத்து மணி நேரம் எஞ்சினை ஓட்டினால், எண்ணெயில் பெரும்பகுதியை எஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதற்கே குடித்துவிடும். இரண்டு மணி நேரம் நன்றாக உழைக்க வைப்பது அதைவிடச் சிக்கனம்.

சார்ஜர் வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பவர் பேக்டர் திருத்தம் இல்லாத மலிவுச் சார்ஜர் என்றால் 0.7 வரை இறங்கிவிடும். அப்போது அதே 3,000 வாட்டுக்கு ஜெனரேட்டர் கிட்டத்தட்ட 4,300 வோல்ட்-ஆம்பியர் சுமக்க வேண்டும். வாய் மூச்சு வாங்கும். திருத்தம் உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு அதற்குரிய சார்ஜரே வேண்டும். பழைய ஈய-அமிலப் பேட்டரிச் சார்ஜரை மாட்டக் கூடாது. தகடுகளும் சார்ஜரும் சேர்ந்து ஏற்றும் மின்னோட்டம் பேட்டரி தாங்கும் அளவை மீறக் கூடாது. தோழி வீட்டுப் பேட்டரிக்கு அது 100 ஆம்பியர். மழை நாளில் தகடு தருவது இருபது, சார்ஜர் தருவது ஐம்பது, கவலையில்லை. நல்ல வெயிலில் தகடே 90-க்கு மேல் தரும். அந்த வெயிலில் யார் ஜெனரேட்டரைக் கிளப்பப் போகிறார்கள் என்று கேட்கலாம். மறதிக்காரர்கள் கிளப்புவார்கள், அதற்காகத்தான் அளவைக் கருவியிலேயே கட்டி வைக்கிறார்கள்.

சார்ஜருக்கும் பேட்டரிக்கும் நடுவில் போடும் பிரேக்கர் நேர்மின்னோட்டத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். மாறுமின்னோட்டம் விநாடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டுச் செல்வதால், சுவிட்சு திறக்கும்போது எழும் பொறி தானே அணைந்துவிடும். நேர்மின்னோட்டத்துக்குச் சுழியே கிடையாது. பொறி விடாமல் எரியும். வீட்டுச் சுவிட்சை அங்கே மாட்டினால் அது அணைக்கும் நாளில்தான் தீப்பிடிக்கும்.

ஜெனரேட்டரை ஒருபோதும் வீட்டுக்குள்ளோ மூடிய தாழ்வாரத்திலோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். மழையில் நனையாமலும் இருக்க வேண்டும், புகை வீட்டுக்குள் வராமலும் இருக்க வேண்டும். ஆகவே மாட்டுக்கொட்டத்துக்கு அப்பால், சன்னல்களுக்கு எதிர்த்திசையில் ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள்.

எர்த் குழியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர் மண் கோபித்துக்கொள்ளும். கரிசல் மண் மழையில் ஊறிப் பசைபோல் ஒட்டும். கோடையில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். வெடிக்கும்போது எர்த் குழாயை விட்டு மண் விலகிவிடும். அப்போது குழாய் பூமியில் நின்றும் பூமியைத் தொடாமல் இருக்கும். கசியும் மின்சாரம் இறங்க வழியில்லாமல், தொட்ட மனிதரின் உடம்பு வழியே இறங்கும். அதனால்தான் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் இட்டு நிரப்பி, மேலே ஒரு புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றும்படி அமைக்கிறார்கள். தோழி வீட்டுக் குழிக்கு அவர்கள் ஊர்க் கரிமூட்டத்திலிருந்தே சீமைக்கருவேலங்கரி ஒரு மூட்டை வந்தது. ஊரையே உறிஞ்சும் மரம் என்று எல்லோரும் திட்டும் சீமைக்கருவேலம் இதற்காவது பயன்பட்டதே!

எல்லாம் முடிந்த ஒரு சனிக்கிழமை, சிஸ்டரின் அனுமதியோடு நாங்கள் ஏழு பேர் பார்க்கச் சென்றோம். மெயின் சுவிட்சை இறக்கினார்கள். தகடுகளின் பிரேக்கரையும் இறக்கினார்கள். பேட்டரி 38 விழுக்காட்டில் இருந்தது. தோழியின் அப்பா கயிற்றை மூன்றாம் முறை இழுத்ததும் ஜெனரேட்டர் கிளம்பியது. சார்ஜரில் 50 ஆம்பியர் காட்டியது. இன்வெர்ட்டர் திரையில் மூன்று பேஸ்களிலும் 230, 230, 231. மோட்டாரைப் போடச் சொன்னோம். சுழலத் தொடங்கும் கணத்தில் மோட்டார் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்கும். அதைத் தாங்காமல் இன்வெர்ட்டர் நின்றுவிடக் கூடாதென்று, மெல்ல மெல்ல வேகமெடுக்க வைக்கும் வி.எப்.டி. என்னும் கருவியையும் பொறியாளர் மாட்டியிருந்தார். அதுவும் உள்ளே வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி மறுபடி மும்முனையாக்கும் கருவிதான் என்று அறிந்தபோது, அதே பாடத்தை இரண்டாம் முறை படித்தது போலிருந்தது. முதலில் ஒரு முனகல், பிறகு சீரான ஓசை. குழாயில் காற்று சீறி, செம்மண்ணிறத்தில் கொஞ்சம் துப்பி, அப்புறம் தெளிந்த தண்ணீர் கொட்டியது. இரண்டு கம்பி ஜெனரேட்டர் மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டுவதை நாங்கள் கண்ணால் கண்டோம். அப்பத்தா குளிர்பதனப் பெட்டியைத் திறந்து விளக்கெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, எங்களுக்கு மோர் கொண்டுவந்தார்.

வயர்மேன் மாமாவும் வந்திருந்தார். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பூட்டுப் போட முடிகிறதா என்று இரண்டு முறை பார்த்தார். இருதலை வயர் எங்கே என்று கேட்டு வாங்கி, கட்டிங் பிளேயரால் நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் தம் பைக்குள் போட்டுக்கொண்டார். எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் வேலையைத் தோழியிடம் ஒப்படைத்தார். சித்திரை, வைகாசியில் இரண்டு குடம்.